புத்தகத்தை எடுக்கச் சொல்லி வந்த புகார்: மறுபரிசீலனைக் குழுவில் நான்

அமெரிக்காவில் பள்ளி நூலகப் புத்தகங்களை எடுக்கச் சொல்லிப் பெற்றோர் புகார் கொடுப்பது அடிக்கடி செய்தியாகிறது. புகாருக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் பள்ளி மாவட்டத்தில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளைச் சேர்த்து நடத்தும் அமைப்பு), புகார் வந்த புத்தகம் நூலகத்தில் இருக்கலாமா என்று முடிவு செய்யும் மறுபரிசீலனைக் குழுவில் பெற்றோர் சார்பில் நான் இருந்தேன்.

புகார் ஒரு சித்திர நாவல் மீது. வீட்டில் அப்பாவிடம் அடிவாங்கும் பையனின் கதை. புகார் கொடுத்த அம்மா சில பக்கங்களை நகலெடுத்து, வசவு வார்த்தைகளை மஞ்சள் மையால் குறித்து இணைத்திருந்தார். அவற்றை மட்டும் பார்த்தபோது எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

'புத்தகம் முழுவதையும் படித்தீர்களா?' என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. இல்லை என்று அவர் நேர்மையாகவே எழுதியிருந்தார். ஆனால் குழுவில் இருப்பவர்கள் முழுவதும் படித்தாக வேண்டும். படித்தேன். கடைசியில் அந்தப் பையன் ஓர் ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்கிறான். மஞ்சள் பூசிய பக்கங்கள் இல்லையென்றால், அவன் வாய் திறப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்றே நமக்குப் புரியாது.

நூலகர் கொடுத்த கோப்பில் புத்தகத் தேர்வு விதிகள், இதழ்களில் வந்த மதிப்புரைகள், அப்புறம் 1982-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த பிகோ வழக்கின் சுருக்கம் இருந்தன. நியூயார்க் மாநிலத்தில் ஒரு பள்ளி வாரியம், அதாவது மாவட்டப் பள்ளிகளை நிர்வகிக்கும் குழு, நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுத்ததை எதிர்த்து மாணவர்கள் தொடுத்த வழக்கு அது. கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் வாரியம் புத்தகத்தை எடுக்கக் கூடாது, கல்விக்குப் பொருந்தாது என்றால் எடுக்கலாம் என்று எழுதிய நீதிபதிகளுக்குப் பெரும்பான்மை சேரவில்லை. அதனால்தான் சண்டை இன்னும் ஓயவில்லை.

கூட்டத்துக்கு அந்த அம்மாவும் வந்து பேசினார். புத்தகத்தைப் படித்த அன்று மகன் தூங்கவே இல்லையாம். உங்கள் மகனுக்கு மட்டும் கொடுக்காமல் இருக்க ஏற்பாடு செய்கிறோம் என்றார் தலைமையாசிரியர். நண்பனிடம் வாங்கிப் படித்தால் என்ன செய்வது என்று கேட்டார் அவர். நியாயமான பயம்தான். தன் பிள்ளை எதைப் படிக்கலாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்து முடிவெடுக்கும் உரிமை அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அதே பள்ளியில் அப்படி அடிவாங்கும் பிள்ளை இருக்கலாம், யாரிடமாவது சொல் என்று அவனுக்குச் சொல்ல இந்தப் புத்தகம் மட்டுமே இருக்கலாம் என்றேன். சொல்லும்போது குரல் தழுதழுத்துவிட்டது.

மேல் வகுப்புக்கு மாற்றலாம் என்றும் ஒரு யோசனை வந்தது, நிற்கவில்லை. புத்தகம் இருக்கட்டும் என்று வாக்கெடுப்பில் முடிவானது. அந்த அம்மா வாரியத்திடம் மேல்முறையீடு செய்தார், அங்கும் அதே முடிவு. விசாரணை முடியும்வரை புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுக்கக் கூடாது என்று எங்கள் விதியில் எழுதியிருந்தது. எல்லா மாவட்டத்திலும் அப்படி இல்லை. உங்கள் பள்ளியில் இப்படி ஒரு புகார் எழுந்தால், முதலில் அந்த விதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.