மெல்லிய மேல் ஸ்வரங்கள்: ஒரு சேர்ந்திசைப் பாடகியின் குரல் நாட்குறிப்பு

மார்ச் 8, சனி

ஒத்திகை முடிந்து பேச வாயெடுத்தபோது குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்து, காற்றுக் கலந்து வந்தது. வலி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போன்ற உணர்வும், அதைச் செருமி அகற்றிவிட வேண்டும் என்ற உந்துதலுமே இருந்தன. நான் முறையாகப் பாட்டுப் பயின்றவள் அல்லள். பெண்குரல்களில் உயர்ந்த பகுதியைப் பாடும் எங்கள் குழுவின் சோப்ரானோ வரிசையில் பெரும்பாலோர் அப்படித்தான். நிகழ்ச்சி ஏப்ரல் 12 அன்று நடக்கிறது. அதுவரை குரலின் நிலையையும், அதைப் பற்றி அறிந்துகொள்வதையும் இங்கே எழுதி வருவேன்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் பேச்சு இன்னும் கரகரப்பாகவே இருக்கிறது. குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்களும் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் நீளமே உடையவை. மூச்சுக் காற்று அவற்றினூடே மேலெழும்போது அவை ஒன்றையொன்று தொட்டு விலகி அதிர்கின்றன. இசைக்கருவிகளுக்குச் சுருதி சேர்க்கப் பயன்படும் 440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தைப் பாடினால் நொடிக்கு 440 முறையும், அதற்கு ஒரு ஸ்தாயி மேலே போனால் நொடிக்கு 880 முறையும் அவை மோதிக்கொள்கின்றன. நெடுநேரம் ஓங்கித் தட்டிய கைகள் சிவந்து தடிப்பதைப் போல, இந்த நாண்களின் மேற்படலமும் நீர் கோத்து வீங்குகிறது. வீங்கிய நாண் கனமாகி மெதுவாக அதிர்வதால் பேச்சுக் குரல் தாழ்கிறது. விளிம்புகள் சீராகச் சேராமல் இடைவெளி விடுவதால் காற்றுக் கசிகிறது. முதலில் காணாமல் போவது மெல்லிய குரலில் பாடும் மேல் ஸ்வரங்கள்தான். உரத்த குரலில் அதே ஸ்வரத்தை எட்டிவிட முடியும் என்பதால் பலருக்கு இந்த இழப்பு தெரிவதே இல்லை. குரலைப் பற்றி ஒரே ஒரு செய்தியைச் சக பாடகர்களுக்குச் சொல்லலாம் என்றால் இதைத்தான் நான் சொல்வேன்.

இன்று பேச்சைக் குறைத்துக்கொண்டேன். தேவையானதை மட்டும், இயல்பான சுருதியில், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும் அளவில் பேசுகிறேன். கிசுகிசுத்துப் பேசினால் குரலுக்கு ஓய்வு கிடைக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் கிசுகிசுக்கும்போது பலர் குரல்வளையின் மேற்பகுதித் தசைகளை இறுக்கிக்கொள்கிறார்கள். அது ஓய்வு ஆகாது. செருமலும் நாண்களைப் பலமாக மோதவிடும் செயலே. செரும வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் ஒரு வாய் நீரை விழுங்குகிறேன், அல்லது வாயை மூடி மெல்ல ‘ம்’ என்று முனகுகிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஒத்திகைக்குப் போனேன், பாடவில்லை. இசைத்தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வரிசையின் ஓரத்தில் அமர்ந்து, எங்கே மூச்சு எடுப்பது, எந்த உயிரெழுத்தில் வாய் எவ்வளவு திறக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். பாடாமல் கேட்டுக்கொண்டிருந்ததில், குழுவாகப் பாடுபவர்களுக்குக் குரல் ஏன் கெடுகிறது என்பதும் தெளிவாயிற்று.

பின்னால் ஆண்குரல்களான டெனர்களும் பேஸ்களும் ஓங்கியவுடன் எங்கள் வரிசையில் ஒவ்வொருவரும் தாமறியாமல் குரலை உயர்த்துகிறார்கள். இரைச்சலில் மனிதர் தம் குரலைத் தானாகவே உயர்த்திக்கொள்ளும் இந்த இயல்பை 1911இல் எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தார். அவர் பெயராலேயே அது லொம்பார் விளைவு என்று அழைக்கப்படுகிறது. தனியாகப் பாடுபவருக்குத் தம் குரல் எப்போதும் கேட்கும். குழுவில் அக்கம்பக்கத்துக் குரல்கள் அதை மூடிவிடுகின்றன. கேட்காத குரலைக் கேட்க வைக்க நாம் அழுத்துகிறோம், அருகில் இருப்பவருக்கு இப்போது அவருடைய குரல் கேட்பதில்லை, அவரும் அழுத்துகிறார். சேர்ந்திசையில் குரல்களின் ஒலியளவை ஆராய்ந்த ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரோம், மற்றவர் குரல்களைவிடத் தம் குரல் சராசரியாக 6 டெசிபல் அளவு உயர்ந்து கேட்பதையே பாடகர்கள் விரும்புகிறார்கள் என்று கண்டார். நெருக்கமாக நிற்கும் வரிசையில் அது கிடைப்பது அரிது. ஆகவே பயிற்சி பெறாத குரல் களைப்பதற்கு அதன் பலவீனத்தை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமன்று. நிற்கும் இடத்துக்கும் அதில் பங்கு உண்டு.

பயின்ற பாடகர் காதுக்குக் கேட்காதபோதும் உடலின் உணர்வைக் கொண்டு தம் அளவை அறிவார். தாடை தளர்ந்திருக்கிறதா, நாக்கின் அடி இறுகியிருக்கிறதா, கழுத்து முன்னே நீள்கிறதா என்ற மூன்றையும் கவனிக்க நானும் பழக வேண்டும்.

மார்ச் 12, புதன்

குடிக்கும் நீர் குரல் நாண்களை நேரடியாகத் தொடுவதில்லை. அது உணவுக்குழாய் வழியே போகிறது. உடல் முழுவதும் நீர்ப்பதம் பெற்ற பிறகுதான் நாண்களின் படலமும் பயன் பெறும். பாடத் தொடங்கும் தறுவாயில் ஒரு குடுவை நீரை மொத்தமாகக் குடிப்பதைவிட, காலை முதலே சிறிது சிறிதாகக் குடித்துவருவது மேல். நேரடியாக ஈரப்படுத்துவது ஆவிதான். மருந்து எதுவும் கலக்காத வெறும் நீராவியை, முகம் சுடாத தொலைவில் வைத்துப் பிடித்தேன்; இதமாக இருந்தது.

மார்ச் 15, சனி

பேச்சு தெளிந்துவிட்டது. ஆனாலும் பேச்சை நம்பி ஒத்திகைக்குப் போகவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு சிறு பாட்டு வரியை மேல் ஸ்தாயியில், எவ்வளவு மெல்லிய ஒலியில் முடியுமோ அவ்வளவு மெல்லிய ஒலியில் பாடிப் பார்த்தேன். குரல் உடனே தொடங்காமல் ஒரு கணம் காற்று மட்டும் வந்தது. வீக்கம் முழுதும் வடியவில்லை என்பதற்கு அதுவே சான்று. இந்தச் சோதனையை நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே சுருதியில் செய்வது முக்கியம். காலையில் எழுந்தவுடன் எல்லோருடைய குரலும் தடித்தே இருக்கும்.

ஸ்ட்ரா வழியே ஒலியெழுப்பும் பயிற்சியையும் தொடங்கினேன். மெல்லிய ஸ்ட்ராவை உதடுகளால் காற்றுக் கசியாமல் பற்றிக்கொண்டு, அதன் வழியே ‘ஊ’ என்ற ஒலியைத் தாழ்விலிருந்து உயரத்துக்கும் பிறகு கீழேயும் வழுக்கிக்கொண்டு போவதுதான் பயிற்சி. குரல் அறிவியலாளர் இங்கோ டிட்சே இதை விளக்கிப் பரப்பியவர்களுள் முதன்மையானவர். வாய்வழி குறுகும்போது நாண்களுக்கு மேலே காற்றழுத்தம் கூடி, அவை கடுமையாக மோதாமலே அதிர உதவுகிறது. உதடுகளைப் ‘ப்ர்ர்’ என்று அதிரவிடுவதும், வாய் மூடி முனகுவதும் இதே வகையின. கன்னம் உப்பவும் கழுத்து இறுகவும் கூடாது.

மார்ச் 19, புதன்

தாழ்ந்த பெண்குரல்களான ஆல்ட்டோ வரிசையிலுள்ள இளைய தோழி ஒருவருக்கு ஒரு மாதத்துக்கும் மேலாகக் குரல் கம்மியிருக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அவருடன் துணைக்குப் போனேன். குரல் கம்மல் நான்கு வாரங்களுக்குள் சரியாகாவிட்டால் குரல்வளையைப் பார்த்தே ஆக வேண்டும். திடீரெனக் குரல் முற்றிலும் நின்றுபோனாலும், மூச்சுத் திணறினாலும், சளியில் இரத்தம் தெரிந்தாலும், விழுங்கக் கடினமாக இருந்தாலும் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

மெல்லிய குழாய்க் கருவியை மூக்கு வழியே செலுத்தி, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கொளியில் நாண்களின் அதிர்வை மெதுவாக ஓடும் படமாகத் திரையில் காட்டினார்கள். மானுவல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் 1854இல் சிறு கண்ணாடியையும் வெயிலையும் கொண்டு தம் குரல் நாண்களைத் தாமே கண்டார். இந்த மருத்துவத் துறை ஒரு பாட்டு ஆசிரியரின் ஆர்வத்துக்குப் பெரிதும் கடன்பட்டிருக்கிறது என்பதை நினைக்க எனக்குப் பெருமிதமாக இருந்தது. தோழியின் இரு நாண்களிலும், ஒன்றுக்கு நேரெதிரே மற்றொன்றாக, சிறு தடிப்புகள் தெரிந்தன. மோதல் மிகக் கடுமையாக இருக்கும் இடத்தில்தான் இத்தகைய முடிச்சுகள் உருவாகின்றன. கத்தி வைக்க வேண்டியதில்லை, குரல் சிகிச்சையில்தான் தொடங்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது தோழியின் கண்ணில் நீர் வந்துவிட்டது. முடிச்சு என்ற சொல்லைக் கேட்டதுமே பாட்டே முடிந்துவிட்டதாக அஞ்சுவோர் பலர். அந்த அச்சத்தாலேயே மருத்துவரைத் தள்ளிப்போடுகிறார்கள்.

மருந்துகளைப் பற்றியும் கேட்டுக்கொண்டோம். தொண்டையை மரக்கச் செய்யும் மிட்டாய்கள் எச்சரிக்கை உணர்வை மறைத்துவிடுகின்றன. ஆஸ்பிரின் இரத்தம் உறைவதைக் குறைப்பதால், களைத்த நாண்களில் இரத்தக் கசிவுக்கு இடம் கொடுக்கலாம்; ஆனால் இதயத்துக்காக அதை எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

மார்ச் 25, செவ்வாய்

மெல்லிய மேல் ஸ்வரங்கள் தடங்கலின்றி வந்ததால் இன்று ஒத்திகையில் பாடினேன். முதல் பாதி மட்டும். உச்சப் பகுதிகளை ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடினேன். இப்படி இறக்கிப் பாடுவதிலும் கவனம் தேவை. காற்றைக் கலந்து, மூச்சின் தாங்கல் இல்லாமல் முனகினால் அதுவும் களைப்பையே தரும். தெளிவான குரலில், குறைந்த ஒலியில் பாட வேண்டும். முடிந்ததும் ஸ்ட்ராவில் சில நிமிடங்கள் மேலிருந்து கீழாக வழுக்கிக் குரலைத் தணித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 5, சனி

எங்கள் சேர்ந்திசைக் குழுவின் நடத்துநரிடம் பேசினேன். “என்னால் உச்ச ஸ்வரத்தைத் தொட முடிகிறது, ஆனால் பக்கம் பக்கமாக அதன் அருகிலேயே தங்கியிருக்க முடியவில்லை” என்றேன். “தொடுவது வேறு, தங்குவது வேறு, நீங்கள் சற்றுத் தாழ்வாகப் பாடும் இரண்டாம் சோப்ரானோவில் நில்லுங்கள்” என்றார். குரலின் எல்லையைக் கொண்டு மட்டும் வரிசை பிரிப்பது பயிலாத பாடகர்களுக்குத் தீங்கு என்பது என் உறுதியான கருத்து. குரல் எந்த உயரத்தில் நெடுநேரம் சுகமாக இருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

அவர் வரிசைகளுக்கிடையே ஓரடி கூடுதலாக விட்டார். நீண்ட ஸ்வரங்களில் அனைவரும் ஒரே நேரத்தில் மூச்செடுக்காமல் மாறி மாறி எடுக்க ஏற்பாடு செய்தார். என் குரல் எனக்குக் கேட்டது. அழுத்த வேண்டிய தேவையே எழவில்லை.

ஏப்ரல் 12, சனி

அரங்கில் காலையில் நடந்த இறுதி ஒத்திகையில் குறைந்த ஒலியில் பாடிக் குரலைச் சேமித்தோம். மாலை நிகழ்ச்சி நன்றாக அமைந்தது. கடைசிப் பாடலிலும் மேல் ஸ்வரங்கள் மென்மையாகவே வந்தன. அதன்பின் வரவேற்புக் கூடத்தில் நூறு பேர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சல் எழுந்தது. பாடிக் களைத்த நாண்களுக்குப் பாட்டைவிட இந்தப் பேச்சே கேடு என்பதால், வாழ்த்தியவர்களை வாசலுக்கு அழைத்துப்போய்ப் பேசினேன்.

இரவுச் சோதனையில் குரல் தொடங்குவதில் சிறு தாமதம் தெரிந்தது. நாளையும் மறுநாளும் அதே நேரத்தில் பாடிப் பார்த்த பிறகுதான் செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் எவ்வளவு பாடுவது என்று முடிவு செய்வேன்.