கேமரா நிற்கும் இடம்

மார்ச் 3, திங்கள்

பெண் இயக்குநர்களின் படங்களைப் பற்றிப் பேச உட்காரும்போது பெரும்பாலும் கதையைப் பேசிவிட்டு எழுந்துவிடுகிறோம். எந்தப் பாத்திரம் எதிர்த்து நின்றது, எந்த வசனத்துக்குக் கைதட்டல் விழுந்தது என்பதோடு விமர்சனம் முடிந்துபோகிறது. கருத்தை வசனத்தில் ஏற்றிச் சொல்வது யாருக்கும் கைகூடும். கேமராவை எங்கே வைப்பது, ஷாட்டை எப்போது வெட்டுவது, யாருடைய பேச்சைத் தெளிவாகக் கேட்கவிடுவது என்ற முடிவுகளில்தான் ஒருவருடைய பார்வை பிடிபடும் என்பது என் எண்ணம். அதை மனத்தில் வைத்து, முன்பு பார்த்த சில படங்களை மறுபடி பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

பெல்ஜிய இயக்குநர் ஷான்டால் அக்கர்மனின் 'ழான் தீல்மான்' 1975இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டபோது அவருக்கு 25 வயது நிறைந்திருக்கவில்லை. கணவனை இழந்து, பகல் வேளையில் வீட்டுக்கு வரும் ஆண்களிடம் பணம் பெற்று மகனோடு குடும்பம் நடத்தும் ஒரு பெண்ணின் மூன்று நாட்களை 201 நிமிடங்களில் காட்டும் படம் இது. கேமரா அசைவதில்லை, சற்றுத் தாழ்வான உயரத்தில், அவளை நெருங்காமல் நிற்கிறது. அவள் பாத்திரம் கழுவினால், கழுவி முடிக்கும்வரை அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆள் வந்ததும் படுக்கையறைக் கதவு சாத்தப்படுகிறது. அடுத்த ஷாட்டில் நடைவழியில் வெளிச்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவே. மற்றவர்கள் சுருக்கும் சமையலறை வேலையை முழுமையாகக் காட்டிவிட்டு, மற்றவர்கள் ஆசையாய்க் காட்டக்கூடியதை மூன்றாம் நாள்வரை கதவுக்குப் பின்னாலேயே வைத்திருக்கிறார் அக்கர்மன்.

இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துபோகிறது. அந்தப் பாத்திரத்தைக் கையில் ஏந்தியபடி, எங்கே வைப்பதென்று தெரியாமல் அறை அறையாகப் போய்வருகிறாள். பணம் போட்டுவைக்கும் பீங்கான் கிண்ணத்தை மூட மறக்கிறாள். முதல் நாளின் ஒழுங்கை முழுவதுமாக உட்கார்ந்து பார்த்தவருக்கு, மூடாமல் விட்ட அந்த மூடியே வயிற்றைக் கலக்கப் போதுமானது. இந்தப் படம் நீளம் என்று குறைசொல்பவர்களோடு நான் வாதிடுவதில்லை. நீளத்தை வெட்டிவிட்டால் அந்த மூடிக்கு எந்தப் பொருளும் இருக்காது.

ஹாலிவுட் சினிமா ஆணின் கண்ணால் பெண்ணைப் பார்க்கும்படி கட்டமைக்கப்பட்டிருக்கிறது என்று பிரிட்டிஷ் திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி தம் புகழ்பெற்ற கட்டுரையில் எழுதியதும் இதே 1975இல்தான்.

மார்ச் 8, சனி

ஆன்யெஸ் வர்தாவின் 'கிளியோ 5 முதல் 7 வரை' (1962). மருத்துவப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு பாடகியின் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், கிட்டத்தட்ட அதே அளவு நேரத்தில் சொல்லப்படுகிறது. முதல் பாதியில் எங்கும் கண்ணாடிகள்; அவள் தன்னையே பார்த்துக்கொள்கிறாள், மற்றவர்களும் அவளைப் பார்க்கிறார்கள். நடுவில் ஒரு பாடலைப் பாடி முடித்ததும் டோப்பாவைக் கழற்றிவிட்டுக் கறுப்பு உடையில் தனியாகத் தெருவில் இறங்குகிறாள். அதன்பின் கேமரா அவளுடைய கண்களின் பக்கம் வந்துவிடுகிறது, தெருவின் முகங்களை நாம் அவளோடு சேர்ந்து பார்க்கிறோம். பார்க்கப்பட்டவள் பார்ப்பவளாகிறாள் என்பதை வர்தா ஷாட்களின் திசையை மாற்றியே சொல்லிவிடுகிறார்.

மார்ச் 11, செவ்வாய்

கெல்லி ரைக்கார்டின் 'மீக்ஸ் கட்டாஃப்' (2010). 1845இல், அமெரிக்காவின் மேற்கே குடியேறப் போனவர்கள் சென்ற ஓரிகன் பாதையில் வழிதவறிய குடும்பங்களைப் பற்றிய கதை. அகலத் திரைக்கே உரியதென்று கருதப்பட்ட பாலைவெளியை ஏறக்குறைய சதுரமான சட்டகத்துக்குள் அடக்கியிருக்கிறார். பெண்கள் அணியும் தொப்பியின் விளிம்பு பக்கவாட்டுப் பார்வையை மறைப்பதுபோல், சட்டகமும் மறைக்கிறது. ஆண்கள் தள்ளி நின்று எந்தப் பக்கம் போவதென்று முடிவெடுக்கும்போது, பெண்களின் காதில் விழும் அரைகுறைச் சொற்கள்தான் நமக்கும் கிடைக்கின்றன.

மார்ச் 15, சனி

லூக்ரெசியா மார்ட்டெலின் 'தலையற்ற பெண்' (2008) இந்த வரிசையில் என்னை மிகவும் தொந்தரவு செய்த படம். வசதியான குடும்பத்துப் பெண் ஒருத்தி கார் ஓட்டும்போது கைபேசி ஒலிக்கிறது. அதை எடுக்கக் கை நீட்டுகையில் கார் எதன்மீதோ மோதுகிறது. கேமரா காருக்குள்ளேயே, அவளுக்குப் பக்கவாட்டில் நிற்கிறது. வானொலியில் பாட்டு நிற்காமல் ஓடுகிறது. ஜன்னல் கண்ணாடியில் குழந்தையின் கைத்தடங்கள் தெரிகின்றன. அவள் விழுந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இறங்கிப் பார்க்காமலே வண்டியைக் கிளப்புகிறாள். அடிபட்டது நாயா, சிறுவனா என்ற கேள்வி கடைசிவரை தீர்வதில்லை.

அதற்குப் பிறகுதான் ஒளிப்பதிவாளர் பார்பரா ஆல்வாரெசின் வேலை முழுமையாகப் புரிகிறது. நாயகியின் முகம் மட்டும் துல்லியமாக இருக்க, அவளைச் சுற்றித் தேநீர் கொடுப்பவர்களும் தோட்டத்தில் வேலை செய்பவர்களும் சட்டகத்தின் ஓரத்தில் மங்கலாக நடமாடுகிறார்கள். அவர்களைக் கவனிக்காமல் விடும் பழக்கத்தை லென்ஸே நமக்குக் கற்றுக்கொடுத்து, அந்தப் பழக்கத்தின் விலை என்னவென்று பிறகு காட்டுகிறது. பெண் இயக்குநர் என்றாலே பெண் பாத்திரத்துக்குப் பரிந்துபேசுவார் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இந்தப் படம் ஏமாற்றமாக இருக்கலாம்; மார்ட்டெல் கண்டிப்புடன் விசாரிப்பது வர்க்கத்தை.

மார்ச் 22, சனி

'பெண் பார்வை' என்ற சொல்லைத் தாராளமாகப் புழங்குகிறோம், அது பிறப்போடு வரும் ஒன்று போல. 2024இல் கான் விழாவின் இரண்டாவது உயரிய விருதான கிராண்ட் பிரியைப் பெற்ற பாயல் கபாடியாவின் 'ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்' படத்தின் ஒளிப்பதிவாளர் ரணபீர் தாஸ் ஓர் ஆண். ஆனாலும் மும்பையில் செவிலியராக இருக்கும் பிரபாவை அந்தக் கேமரா அணுகும் விதத்தில் எந்த அத்துமீறலும் இல்லை. ஜெர்மனியிலிருந்து, அனுப்பியவர் பெயர்கூட இல்லாமல் ஒரு ரைஸ் குக்கர் வருகிறது. இரவில் அவள் தரையில் அமர்ந்து அதைக் கட்டிக்கொள்கிறாள். வசனம் கிடையாது. தொலைவிலிருக்கும் கணவன், தொடாமலே கழிந்த ஆண்டுகள் எல்லாம் அந்தச் சமையல் கருவிமீது கவிழ்ந்திருக்கும் உடலில் தெரிகின்றன. அந்தக் காட்சியில் ஒரு வரி வசனம் சேர்த்திருந்தாலும் கெட்டுப்போயிருக்கும்.

பின்பகுதியில், கடலில் மூழ்கிக் காப்பாற்றப்பட்ட ஒருவன் திடீரென அவளுடைய கணவனாகப் பேசுகிறான். இது கற்பனை என்று கபாடியா தனியாக அறிவிப்பதில்லை; சில நண்பர்கள் இதனால் குழம்பினார்கள். எனக்கு அந்த அறிவிப்பு இல்லாததே சரியென்று படுகிறது, ஏனென்றால் இனி நீ வேண்டாம் என்று பிரபா அவனிடம் சொல்லும் மறுப்பு கனவில் சொன்னதாக ஒதுக்கப்படாமல், அவள் எடுத்த முடிவாகவே படத்தில் நிலைக்கிறது.