அஞ்சாம் நம்பர் எங்கேண்ணே?

ஞாயிற்றுக்கிழமை. காசிமேட்டிலிருந்து வந்த சங்கரா மீன் குழம்புச் சட்டியில் இறங்கிய நேரம் பார்த்து ஆபீஸ் தம்பியிடமிருந்து போன்.

"அண்ணே, ஸ்டோரேஜ்ல ஒரு டிஸ்க் செத்துப்போச்சுண்ணே."

"எதுடா?"

"அதான்ணே தெரியல."

அந்தப் பதில் என் ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது. சங்கராவைத் தின்றது யார் என்று வீட்டில் இதுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

வெளியே அக்னி நட்சத்திரம். சர்வர் ரூமிலோ மார்கழி. அதனால் அம்மா ஊட்டிக்கு வாங்கிய குரங்குக் குல்லா எப்போதும் என் பையில் இருக்கும். மே மாதத்தில் காலடிப்பேட்டை மெட்ரோவில் பை சோதிக்கிறவர் அதை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு முறை பார்ப்பார். இவருக்கு எப்படி விளக்குவது? விளக்கியதில்லை.

ஸ்டோரேஜ் என்பது ஆபீஸ் டேட்டா முழுவதையும் டிஸ்க்குகளில் சேமிக்கிற பெட்டி. நம்ம பெட்டியில் 36 டிஸ்க். முன்பக்கம் 24, பின்பக்கம் 12. பெட்டியை இயக்குகிற லினக்ஸ் சிஸ்டம் இவற்றுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர் வைக்கும். எஸ்டிஇசட் வரை 26 தீர்ந்ததும் எஸ்டிஏஏ. ஒரு முறை அணைத்துப் போட்டால் நேற்று எஸ்டிஎஃப்பாக இருந்தவன் இன்று எஸ்டிஎச். பெயர் மாறுவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. 1717 முதல் 1720 வரை மதராசில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய காலெட்பேட்டைதான் வாய்க்கு வாய் மாறிக் காலடிப்பேட்டை ஆனது. ஜனங்களுக்கு அதற்குக் காலம் பிடித்தது. லினக்ஸுக்கு ஒரு ரீபூட் போதும்.

மாறாதது சீரியல் நம்பர் ஒன்றுதான். அதுவோ டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும். டிஸ்க்கைத் தாங்குகிற ட்ரேயோடு உள்ளே போய்விட்டால் தெரியாது. அதாவது உன் பேர் என்ன என்று கேட்பதற்கே ஆளை வீட்டிலிருந்து தரதரவென்று இழுத்துத் தெருவில் போட வேண்டும். தப்பான ஆள் என்றால், மன்னிச்சுக்கோங்க சார் என்று திரும்ப உள்ளே தள்ள வேண்டும்.

தேடும் டிஸ்க்கின் லைட்டை மினுக்க வைக்கக் கமாண்டு இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் செத்தவன் சிஸ்டத்தின் கண்ணிலிருந்தே மறைந்துவிட்டான். கூப்பிடப் பெயர் இல்லை. போகிற போக்கில் சிஸ்டத்தின் குறிப்பேடான லாகில் 'ஸ்லாட் 5', அதாவது அஞ்சாம் நம்பர் இடம், என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

சரி, ஒன்று, இரண்டு என்று எண்ணி ஐந்தாவதை இழுத்தேன். நல்ல டிஸ்க்.

ஒரு குழுவில் 2 டிஸ்க் போனாலும் தாங்கும்படி அமைத்தவனே நான்தான். அது தெரிந்தும் வயிற்றைக் கலக்கியது. உடனே திரும்பச் சொருகினேன். இடையில் விட்டுப்போனதை மட்டும் எழுதிச் சில நிமிடத்தில் சரியாகிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது, இந்தப் பெட்டி பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஸ்லாட் 5 என்றால் ஆறாவது. கை ஆறாவதுக்குப் போய், எதற்கும் இருக்கட்டும் என்று நின்றது.

பேசாமல் வருகைப் பதிவு எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். உயிரோடு இருக்கிற 35 டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் படிக்கச் சொன்னால் எல்லாருடைய லைட்டும் மினுக்கும். மினுக்காதவன் பிணம்.

"எது இருட்டா இருக்கு பாருடா."

"எல்லாம் தேர் மாதிரி ஜொலிக்குதுண்ணே. அந்த ஆறாவதும்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பின்பக்கம்! அங்கே இருக்கிற 12-க்கும் தனியாகப் பூஜ்யத்திலிருந்து ஒரு கணக்கு. வடக்கு மாட வீதியிலும் அஞ்சாம் நம்பர், தெற்கு மாட வீதியிலும் அஞ்சாம் நம்பர். ரேக்குக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் என் தொப்பை போகாது என்பதால் தம்பியை அனுப்பினேன். அவன் சொருகிய புது டிஸ்க்கில் செத்தவனின் டேட்டா திரும்ப நிரம்பி முடியத் திங்கட்கிழமை மாலை ஆனது.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். தபால்காரராக இருந்து ரிட்டயர் ஆனவர், முழுக்கதையும் கேட்டார்.

"நம்பரைப் பார்த்தா லெட்டர் போடுவாங்க? இந்த ஊர்ல பழைய நம்பர், புது நம்பர்னு ரெண்டு இருக்கு. ஆளைத் தெரிஞ்சு வெச்சுக்கணும்டா."

சரிதான் என்று, ட்ரே முகப்பில் ஒவ்வொன்றாகச் சீரியல் நம்பரை எழுதி ஒட்ட ஆன்லைனில் ஒரு லேபிள் ரோல் ஆர்டர் போட்டேன். நேற்று 'டெலிவரி ஆகிவிட்டது' என்று மெசேஜ் வந்தது. வீட்டுக்கு வரவில்லை. எங்கள் பழைய நம்பரையே புது நம்பராக வைத்திருக்கிற அந்தக் கோடி வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் பையன். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பத்து நிமிடத்தில் வரவேண்டியவர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். அந்த வீட்டுக்கு எத்தனை வருஷம் மணியார்டர் கொண்டுபோயிருப்பார்! காப்பி கொடுத்தார்களாம்.

ரோலில் ஆறு லேபிள் குறைகிறது. காலையில் வெளியே வந்து பார்த்தால், எங்கள் வீட்டிலிருந்து கோடி வீடு வரை ஒவ்வொரு கேட்டிலும் ஒன்று. அப்பாவின் கையெழுத்தில், வீட்டுக்காரர் பெயர்.