‘எஸ்’ போதும் என்றார்கள்

இலங்கையில் தரம் 11 முடிவில் எழுதும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கணித பாடத்திற்கு எனக்குக் கிடைத்தது ‘எஸ்’, அதாவது சாதாரண சித்தி. பெறுபேறு வந்த அன்று அம்மா பாயாசம் காய்ச்சினார். இனி அந்தப் பாடத்தின் முகத்தில் விழிக்கத் தேவையில்லை என்று கணிதக் கொப்பிகளைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரத்தில் வணிகப் பிரிவில் சேர்ந்தேன்.

உயர்தரப் பெறுபேறும் வந்து, களுவாஞ்சிகுடியில் ஒரு கொமினிகேசன் கடையில் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் பரணில் போட்டது இறங்கி வந்தது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தனித்தனியாகத் தகைமைகள் கொடுக்கப்பட்டிருக்கும். நான் முதல் விருப்பமாக எண்ணி வைத்திருந்த, கணினியும் முகாமைத்துவமும் சேர்ந்த கற்கைநெறியின் கீழே, உயர்தரப் பாடங்களைப் பற்றிய வரிகளுக்கு அடுத்து, சாதாரண தரக் கணிதத்தில் ‘சி’, அதாவது திறமைச் சித்தி வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. கடைக்கார அண்ணன் அந்த வரியில் விரலை வைத்து, “தம்பி, உங்களுக்குக் கணிதம் என்ன?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவருக்கு விளங்கிவிட்டது.

அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றது என்பதும், மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறில் அடங்கும் என்பதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் அந்தச் சலுகை எல்லாம் இசட் புள்ளிக்குத்தான், அதாவது உயர்தரப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணிக்கும் புள்ளிக்குத்தான். கணிதத்தில் கேட்கும் சித்தி இல்லாவிட்டால், எந்த மாவட்டத்துப் பிள்ளையாயினும், எவ்வளவு இசட் புள்ளி எடுத்திருந்தாலும், அந்தக் கற்கைநெறிக்கான வரிசையில் நிற்கவே முடியாது.

எனக்குக் கோபம் அந்த விதியின் மீது அல்ல; கணினி படிக்கப் போகின்றவனிடம் கணிதம் கேட்பது நியாயமே. நாங்கள் ‘எஸ்’ஸுக்கென்றே பழக்கப்பட்டோம் என்பதுதான் என் மனக்குறை. முதலாம் வினாத்தாளுக்கு 100, இரண்டாம் வினாத்தாளுக்கு 100, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பார்கள். 35 எடுத்தால் ‘எஸ்’ என்றால், மொத்தம் 70 போதும். முதலாம் வினாத்தாளின் ‘அ’ பகுதியில் இரண்டு புள்ளி வீதம் 25 சிறு வினாக்கள். அதிலேயே 50 கிடக்கின்றது. ஆகவே அந்த இருபத்தைந்தையும், இரண்டாம் வினாத்தாளில் சதவீதம், புள்ளிவிபரம் போன்ற கைக்கெட்டிய சிலவற்றையும் கரைத்துக் குடித்தால் தப்பிவிடலாம் என்பதுதான் எங்கள் ரியூசன் வகுப்பின் கணக்கு. கேத்திரகணித நிறுவல்களையும் திரிகோணகணிதத்தையும் நாங்கள் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ‘சி’க்கு 50 புள்ளி, அதாவது மொத்தம் 100 வேண்டும்; அந்த மிகுதி முப்பது, நாங்கள் தொடாமல் விட்ட பக்கங்களில்தான் இருந்தது. உயர்தரம் படிக்கும் காலத்திலேயே தனிப்பட்ட பரீட்சார்த்தியாகக் கணிதத்தை மட்டும் திரும்ப எழுதியிருக்கலாம். கைநூலை அப்போதே திறந்து பார்த்திருந்தால் எழுதியும் இருப்பேன். அதை விண்ணப்பிக்கும் வாரத்தில்தான் திறக்க வேண்டும் என்று நாங்கள் ஏன் நினைத்துக்கொண்டோமோ தெரியாது.

அன்று விண்ணப்பத்தில் அந்தக் கற்கைநெறியின் குறியீட்டெண்ணை விட்டுவிட்டு மற்றவற்றை விருப்ப வரிசையில் இட்டேன். வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வணிக முகாமைத்துவ பீடத்தில் இடம் கிடைத்தது. முதலாம் ஆண்டிலேயே வணிகக் கணிதமும் புள்ளிவிபரவியலும் காத்திருந்தன என்பது வேறு கதை.

தம்பி இப்போது தரம் 11. சென்ற வாரம் கடந்தகால வினாத்தாள் ஒன்றை அவன் முன்னால் விரித்து, இரண்டாம் வினாத்தாளில் இருந்த, வட்டம் வரையும் அமைப்பு வினாவைக் காட்டினேன். “அண்ணா, இது தேவையில்லையாம், சேர் சொன்னவர்” என்றான். கவராயத்தை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.