லடாக் ஏறும் பழைய புல்லட்டும் கார்புரேட்டரும்

கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த பழைய புல்லட்டில் லடாக் போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம், ஆனால் ஒரு ஸ்குரூடிரைவர் கையில் இருக்கட்டும். கர்துங் லா கணவாய் ஏறக்குறைய 5,350 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான், ஆனால் இது கார்புரேட்டருக்குத் தெரியாது, கீழே விட்ட அளவை ஒட்டியே பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். காற்று குறைவு, பெட்ரோல் அதிகம். விளைவு கறுப்புப் புகை, கரி படிந்த பிளக், ஏற்றத்தில் திக்கித் திணறும் எஞ்சின்.

முதலில் கார்புரேட்டரில் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்குரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று வெளியே திருப்பிப் பாருங்கள். (ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும் ஸ்குரூவுக்குத்தான் இது, எஞ்சின் பக்கம் இருந்தால் உள்ளே திருப்ப வேண்டும்.) ஆனால் இது ஐடிலுக்கும் (வண்டி நிற்கையில் எஞ்சின் ஓடுவது) லேசான திராட்டிலுக்கும் (ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமாகத் திருகுவது)தான் உதவும். பாதி திராட்டிலில் திணறினால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாட்டுங்கள், ஊசி கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். முழு திராட்டிலுக்கு மெயின் ஜெட்டைத்தான் (பெட்ரோல் வரும் சின்னத் துளையுள்ள திருகு) மாற்ற வேண்டும், ஒரு அளவு சின்னதாக. லே ஊரிலேயே 3,500 மீட்டர் என்பதால், பல நாள் அங்கே சுற்றுபவர்கள் மட்டும் ஜெட் மாற்றினால் போதும் என்பேன்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்பவர்கள் உண்டு. அந்தப் புழுதியில் பிஸ்டனும் சிலிண்டரும் என்னாவது?

எவ்வளவு திருகினாலும் இழந்த சக்தி முழுதாகத் திரும்பாது, கியரைக் குறைத்து மெதுவாக ஏறுங்கள். அப்புறம், மணாலிக்கு இறங்கியதும் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் சூடேறிவிடும்.