வளவில் நிற்கும் வேன்

எங்கள் வீட்டு வளவில், அதாவது நடுமுற்றத்தில், மூன்று நாளாக ஒரு வேன் நிற்கிறது. கோலமாவில் நான் போட்ட வேன். நீளம் 5.4 மீட்டர், அகலம் ஆறடிக்குக் கொஞ்சம் கூட. பின்பக்கம் படுக்கை, கதவோரம் அடுப்பு, அதன் கீழே கைக்கடக்கமாக ஒரு ஃபிரிட்ஜ். முகப்பில் நுழைந்து பின்கட்டு வழியாக அடுத்த தெருவில் இறங்கும் வீட்டில் முப்பது வருடத்துக்கு மேல் புழங்கிய இரண்டு பேர் இந்தக் கட்டத்துக்குள் நான்கு ராத்திரி சண்டை போடாமல் இருப்பார்களா என்று பார்க்கத்தான் போட்டேன். முதல் நாளே சண்டை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் படுக்கையிலிருந்து எழுந்தால் நான் அடுப்பை விட்டு வெளியே போக வேண்டியிருக்கிறது.

மகள் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள். தீபாவளி கழித்து, நவம்பர் நடுவில் போகிறோம். "பேரனைக் கொஞ்சியது போதும் என்று ஆனதும் நீங்களும் அப்பச்சியும் மட்டும் வேன் எடுத்துக்கொண்டு தெற்கே போய் வாருங்கள்" என்றாள். படுக்கையும் அடுப்பும் உள்ள வேன் அங்கே வாடகைக்குக் கிடைக்கிறது. அவள் போட்டு அனுப்பிய முதல் திட்டத்தில் மார்கரெட் ரிவர், ஆல்பனி, எஸ்பெரன்ஸ் எல்லாம் இருந்தன. எட்டு நாள். பெர்த்திலிருந்து எஸ்பெரன்ஸ் மட்டுமே 700 கிலோமீட்டர். நான் பென்சிலை எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களையும் ஒரே நாளில் முடித்துவிட வேனில் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் கேட்டால் இரணியூர் எது, இலுப்பைக்குடி எது என்று அவர்களுக்குத் தெரியாது. அப்படி ஒரு பயணத்துக்காக நான் கடல் தாண்டுவதாக இல்லை. எஸ்பெரன்ஸை அடித்தேன். மறுநாள் ஆல்பனியையும் அடித்தேன். மகளுக்கு வருத்தம்தான். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு..." என்று ஆரம்பித்தாள். பதிலுக்கு இங்கே பிள்ளையார் நோன்புக்கு இழை (சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் மாவு) எடுத்துக்கொள்ள ஊர் திரும்பியாக வேண்டும் என்றேன். அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் பேச முடியாது.

மிஞ்சியது ஐந்து நாள், நான்கு ராத்திரி. பெர்த்திலிருந்து மார்கரெட் ரிவர் 270 கிலோமீட்டர், காரைக்குடியிலிருந்து திருச்சிக்கு மூன்று தடவை போகிற தூரம். அதையும் ஒரே மூச்சில் ஓட்டப்போவதில்லை. முதல் ராத்திரி பஸ்ஸல்டனில். அங்கே கடலுக்குள் 1,841 மீட்டர் நீளும் மரப்பாலம் இருக்கிறது. அதன் முதல் பகுதி 1865-இல் திறந்தது. அதன்மேல் குட்டி ரயிலும் ஓடுகிறது. அவருக்கு அந்த ரயில் போதும்.

அடுத்தது திராட்சைத் தோட்டங்கள். அவர் குடிக்கமாட்டார். நான் இரண்டு வாய் சுவைத்துப் பார்ப்பதாக இருக்கிறேன். சொந்தக்காரர்கள் படித்தால் படிக்கட்டும். அந்த மண்ணில் திராட்சை நன்றாக வரும் என்று 1960களில் சொன்னவர் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் அறிஞர். பிரான்ஸின் போர்தோ பகுதியோடு தட்பவெப்பத்தை ஒப்பிட்டு எழுதினார். அதை நம்பி 1967-இல் கொடி நட்டவர் டாம் கல்லிட்டி, இதய மருத்துவர். அவர் தொடங்கிய வாஸ் ஃபீலிக்ஸ் தோட்டம் இன்றும் ஒயின் செய்கிறது. இதைச் சொன்னதும் எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி: "நவம்பரில் பழம் இருக்குமா?" இருக்காது. அறுவடை பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. நாங்கள் போகும்போது கொடி பூத்திருக்கும். "பூவைப் பார்க்க இவ்வளவு செலவா" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

ஒரு விஷயம் மட்டும் அவருக்குப் பிடித்துப்போனது. சுவைக்கும் இடங்களில் ஒயினை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடலாமாம்; அதற்கென்று மேஜையில் பாத்திரம் வைத்திருப்பார்களாம். வண்டி ஓட்டுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், ஏனென்றால் அங்கே ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்தைத் தொட்டாலே குற்றம். "அட, படிக்கம்!" என்றார். எழுந்து போய் எங்கள் ஐயா வெற்றிலை போட்டுத் துப்பிய பித்தளைப் படிக்கத்தை அலமாரியிலிருந்து எடுத்து வந்து, கோலமாவு வேனுக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். இடுப்பு சிறுத்து வாய் விரிந்த பழைய வார்ப்பு, விளிம்பில் ஒரு நசுங்கல். இதே போல ஒன்றை முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் பூச்சாடி என்று சொல்லி வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு விற்றதை நான் கண்ணால் பார்த்தேன்.

இரண்டாவது, மூன்றாவது ராத்திரிகளைக் கான்டோஸ் என்ற இடத்தில் வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே இடத்திலா என்று மகள் கேட்டாள். ஆமாம், ஒரே இடத்தில்தான். தேசியப் பூங்காவுக்குள் மரங்களுக்கு நடுவே கூடாரமும் வேனும் நிறுத்தும் இடம், மின் இணைப்பு கிடையாது, முன்பதிவு வேண்டும். நினைத்த இடத்தில் ஓரங்கட்டித் தூங்க அங்கே அனுமதி இல்லை. பக்கத்திலேயே சுண்ணாம்புப் பாறைச் சரிவு, கீழே இந்தியப் பெருங்கடல். நம் தொண்டிக் கடல் மாதிரி சாதுவாகக் கிடக்கிற கடல் இல்லை அது. பாறை விளிம்பில் நிற்கிறவர்களை எதிர்பாராத அலை இழுத்துப்போன கதைகளைச் சொல்லி மகள் இருவரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

அங்கிருந்து தெற்கே போனால் போரனப் காடு. கர்ரி என்ற மரம், அறுபது மீட்டர் வரை நேராக வளர்வது. ஒருகாலத்தில் காட்டையே வெட்டி எடுத்தார்கள். இப்போது நிற்பது அதற்குப் பிறகு தானாக வளர்ந்தது. வெட்டிய மரத்தைக் கப்பலேற்ற ஹேமலின் பேயில் 1882-இல் ஒரு துறைப்பாலம் கட்டினார்கள். அந்தப் பக்கத்து ஜார்ரா மரம் இந்திய ரயில் பாதைகளுக்குக் கட்டையாக வந்திருக்கிறது. எங்கள் வளவில் நிற்கும் தூண்கள் பர்மாத் தேக்கு. எந்தக் காட்டில் நின்றவை என்று இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. துறைப்பாலத்தின் சில கால்கள் மட்டும் இன்னும் கடலுக்குள் நிற்கின்றன. திருக்கை மீன்கள் முழங்கால் தண்ணீர் வரை வருமாம். நான்காவது ராத்திரி அங்கே.

பகலில் லூவின் முனைக்கு வேனில் ஒரு நடை: 1895-இல் கட்டிய கலங்கரை விளக்கம், பக்கத்தில் ஒரு மரத் தண்ணீர்ச் சக்கரம். தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு படிந்து படிந்து சக்கரம் கல்லாகிவிட்டது. சுண்ணாம்புப் பூச்சை ஆள்வைத்து வாரக்கணக்கில் தேய்த்து மினுக்கிய ஊர்க்காரி நான். அதை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும்.

வாடகைக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். ஒரு நிறுவனம் நாள்வாடகையைப் பெரிய எழுத்திலும் பிணைத்தொகையை எறும்பு எழுத்திலும் போட்டிருந்தது. வேறு இடம் பார்த்தோம். இரவில் ஊருக்கு வெளியே ஓட்டக் கூடாது, தார் போடாத சாலையில் இறக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. இருட்டத் தொடங்கியதும் கங்காருக்கள் சாலைக்கு வந்துவிடும். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் அவர் தைரியமாக இருக்கிறார். கழிவறைப் பெட்டியை அதற்கான இடத்தில் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவுவது யார் என்ற பேச்சு மட்டும் இன்னும் முடியவில்லை.

சமையல் என் பொறுப்பு. கறிவேப்பிலை ஒரு கொத்துகூடக் கொண்டுபோக முடியாது, விமான நிலையத்திலேயே வாங்கிவிடுவார்கள். சீப்புச்சீடையும் மணகோலமும் ஒரு டப்பா எடுத்துக்கொள்கிறேன், உணவு இருக்கிறது என்று விமானத்தில் தரும் அட்டையில் மறைக்காமல் எழுதிக்கொடுத்துவிட்டு. மற்றபடி சோறு, ரசம், அப்பளம். கான்டோஸில் இரண்டு ராத்திரி கேட்டதற்கு உண்மைக் காரணமும் அதுதான். ஓடிக்கொண்டே இருந்தால் ரசம் வைக்க முடியாது.

இன்று காலை வளவில் வந்து பார்த்தால் எறும்புகள் படுக்கையின் கால்மாட்டைத் தின்று முடித்து அடுப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. படிக்கம் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது. கோலமாவு டப்பாவை எடுத்து வந்தேன். "இந்தத் தடவை படுக்கையை ஓரடி நீளமாகப் போடு" என்றார் அவர்.