சொத்தைப் பல்லுக்கு யார் மருந்து தடவலாம்?

வாயில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றிய ஆராய்ச்சியை ஒரு கூட்டமும், பல் மருத்துவத்துக்கு ஆள் போதவில்லை என்ற கவலையை வேறொரு கூட்டமும் தனித்தனியே பேசி வருகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். சொத்தை எப்படி உண்டாகிறது என்ற அறிவு தெளிவாகத் தெளிவாக, அதைத் தடுக்கும் வேலையைச் செய்யக்கூடியவர்களின் வட்டமும் விரிந்திருக்கிறது. சட்டம் மட்டும் எப்போதும் பின்தங்கியே வந்திருக்கிறது.

பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர், வாயில் தங்கும் மாவையும் சர்க்கரையையும் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து அமிலமாக்குகின்றன, அந்த அமிலமே பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலைக் கரைக்கிறது என்று 1890இல் விளக்கினார். எந்தப் பாக்டீரியா என்பது தெளிவாக நீண்ட காலம் பிடித்தது. லண்டனில் கிளார்க் என்பவர் 1924இல் சொத்தைப் பல்லிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸைப் பிரித்தெடுத்துப் பெயரும் வைத்தார். ஆனால் பல பத்தாண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்க அரசின் பல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பால் கீஸ் 1960இல் வெளியிட்ட, ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற சிறு விலங்கின் மீதான சோதனைதான் பார்வையைத் திருப்பியது. சொத்தை விழாத ஹாம்ஸ்டர்களைச் சொத்தை விழுந்தவற்றோடு ஒரே கூண்டில் வளர்த்தபோது அவற்றுக்கும் சொத்தை விழுந்தது. பரம்பரைக் கோளாறு என்று பலரும் எண்ணியிருந்த ஒன்று, தொற்றக்கூடியது என்று தெரியவந்தது.

இதற்கிடையே 1940களில் ராபர்ட் ஸ்டீஃபன் செய்த அளவீடு எனக்கு மிகவும் பிடித்தமானது. பல்லின் மேல் படிந்த படலத்தில் நுண்ணிய ஆன்டிமனி மின்முனையை வைத்து, சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளிக்கச் செய்து, அமிலத்தன்மை எப்படி மாறுகிறது என்று அவர் பார்த்தார். சில நிமிடங்களிலேயே பிஎச் அளவு சரிந்துவிடுகிறது; அது சரியச் சரிய அமிலம் கூடுகிறது என்று பொருள். எனாமல் கரையத் தொடங்கும் 5.5க்குக் கீழே கூடப் போகிறது; உமிழ்நீர் அதை மீட்டுக் கொண்டுவர அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது. நாளெல்லாம் மிட்டாயைச் சுவைத்துக்கொண்டிருக்கும் குழந்தையின் வாயில் இந்த மீட்சிக்கு அவகாசமே கிடைப்பதில்லை. அப்படிப் பார்த்தால், பல் மருத்துவர் நாற்காலியில் உட்கார வைத்துத் துளையிட்டு அடைப்பது, பல மாதங்களாக அன்றாடம் நடந்த ஒன்றின் கடைசிக் கட்டத்தைச் சரிசெய்வதுதான். அன்றாடம் நடப்பதை அன்றாடம் கவனிக்க வேறு ஆட்கள் வேண்டும்.

இதை முதலில் செயலில் காட்டியவர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரைச் சேர்ந்த பல் மருத்துவர் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ். தம் உதவியாளரும் உறவுக்காரப் பெண்ணுமான ஐரீன் நியூமனுக்குப் பற்காரையைச் சுரண்டி எடுக்கவும் பல்லை மெருகிடவும் 1906இல் பயிற்சி கொடுத்தார். 1913இல் தம் மருத்துவமனையை ஒட்டிய வண்டிக் கொட்டகையில் பள்ளியே தொடங்கினார். அங்கே படித்து வெளிவந்த பெண்கள் பலர் அந்நகரப் பள்ளிகளில் பிள்ளைகளின் பற்களைச் சுத்தம் செய்து, பல் துலக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். நியூமனுக்கு இவ்வேலைக்கான உரிமம் கிடைத்தது 1917இல், அதாவது அவர் வேலையைக் கற்றுக்கொண்டு பதினோரு ஆண்டுகள் கழித்து. இவ்வேலைக்குப் பெண்களே ஏற்றவர்கள் என்று ஃபோன்ஸ் கருதினார்; அதன் பின்னே இருந்த எண்ணம் இன்று படிக்கையில் உறுத்தத்தான் செய்கிறது.

நியூசிலாந்து இன்னும் துணிந்தது. முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது இளைஞர்களின் பற்கள் இருந்த நிலையைக் கண்டு அரசு திகைத்தது. அதன் பின் 1921இல் வெலிங்டனில் பள்ளிப் பல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. அவர்கள் சுத்தம் செய்வதோடு நிற்காமல், பிள்ளைகளுக்குப் பல் அடைக்கவும் பிடுங்கவும் செய்தார்கள். ஆசிய நாடுகளின் வளர்ச்சிக்கு உதவும் கூட்டு ஏற்பாடான கொழும்புத் திட்டத்தின் வழியாக அந்த முறை இலங்கைக்கும் வந்து, அங்கே பள்ளிப் பல் சிகிச்சையாளர்கள் உருவானார்கள். அலாஸ்காவின் பழங்குடி ஊர்களுக்காக ஆட்கள் நியூசிலாந்து சென்று பயின்று திரும்பியபோதோ, அவர்கள் பல் சிகிச்சை செய்வதைத் தடுக்கக் கோரி அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2006இல் நீதிமன்றத்துக்கே போயிற்று. சிறு விமானத்தையும் படகையும் விட்டால் வேறு வழியில்லாத அந்த ஊர்களில் எத்தனை பல் மருத்துவர்கள் குடியேறக் காத்திருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. வழக்கு எடுபடவில்லை.

இப்போது இந்த வட்டத்தை மேலும் விரிப்பது ஒரு துளி மருந்து. சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற அந்தத் திரவத்தில் உள்ள வெள்ளி பாக்டீரியாக்களைக் கொல்கிறது. ஃபுளோரைடு, கரைந்த பல்லை மீண்டும் கெட்டிப்படுத்த உதவுகிறது. செய்முறை இவ்வளவுதான்: உதட்டில் வாசலின் தடவி, பஞ்சு வைத்துப் பல்லை உலர்த்தி, சிறு தூரிகை முனையால் சொத்தையில் தொட்டு வைத்து, ஒரு நிமிடம் அளவில் காத்திருக்க வேண்டும். ஊசி இல்லை, துளையிடும் கருவியின் இரைச்சல் இல்லை, மின்சாரம் கூடத் தேவையில்லை. ஒரே துளி நான்கைந்து பற்களுக்குப் போதும். நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்நகரப் பள்ளிகளில் நடத்திய ஆய்வில், பதிவுபெற்ற செவிலியர்கள் இதைத் தடவியபோது கிடைத்த பலன், இதற்கெனவே பயின்ற, நியூமன் வழிவந்த பல் சுகாதாரப் பணியாளர்கள் தடவியபோது கிடைத்த பலனுக்குக் குறைந்ததாக இல்லை. பள்ளியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஏற்கெனவே இருக்கும் செவிலியரே செய்யக்கூடிய வேலைக்குப் பிள்ளையைத் தொலைவிலுள்ள பல் மருத்துவரிடம் அலைய விடுவதற்கு மருத்துவக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் தூரிகையைப் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. மருந்து பட்ட சொத்தை நிரந்தரமாகக் கறுத்துவிடும். முன்பல்லில் அப்படி ஆகும் என்பதைப் பெற்றோரிடம் தடவுவதற்கு முன்பே சொல்லி, அவர்கள் சம்மதத்தைப் பெற வேண்டும். இரவில் தானாக எழும் வலி, ஈறுகளில் சீழ்க்கட்டி, பல்லின் உள்ளே நரம்புள்ள கூழ்ப்பகுதி வரை எட்டிவிட்ட குழி ஆகியவை இருந்தால் தடவவே கூடாது. அந்தப் பிள்ளை பல் மருத்துவரிடம் போயாக வேண்டும். செவிலியருக்கான பயிற்சியில் தடவும் முறைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், தடவக்கூடாத பல்லை அடையாளம் காண்பதற்குப் பல மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.